பைபிளும் பற்று வரவும்

எங்கள் எதிர் வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருக்கிறது. குடும்பம் என்றால் தாயும் மகளும்தான். பாளையங்கோட்டைப் பக்கத்து மனிதர்கள். தாயார் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெரு முழுவதற்கும் அவர் ‘டீச்சரம்மா’. பெண் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் எங்கள் வீட்டுக்கு வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டு வெண்கலப் பானையிலிருந்து ஒரு பங்கு அங்கே போகும். பாத்திரங்களைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த பெண், புடவைகூட மாற்றாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்.”

“யோசனைதானே? காசில்லாமல் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. உட்கார்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. விஷயம் பெரியது என்று அப்போதே புரிந்துவிட்டது.

அவளுடைய கம்பெனியில் தலைமைக் கணக்கர் ஓய்வு பெறப் போகிறார். மானேஜர் இவளைக் கூப்பிட்டு, “அந்த இடத்துக்கு உன்னைத்தான் நினைத்திருக்கிறேன்” என்று சொல்லியிருக்கிறார். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆறு வருஷம் ஒழுங்காக வேலை செய்ததற்குக் கிடைத்த பலன். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

இரண்டு இருந்தன.

முதலாவது, அந்த நாற்காலியில் உட்காருகிறவர் சரக்கு பில்களில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு குறிப்பிட்ட வியாபாரியிடமிருந்து வரும் பில்லில் நூறு மூட்டை என்று இருக்கும். கிடங்கு ரசீதைப் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு மூட்டைதான் வந்திருக்கும். நடுவில் காணாமற்போன எட்டு மூட்டையின் பணம் எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது! “சரக்கு சரியாக வந்தது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் தலைமைக் கணக்கரின் வேலை. மானேஜரும், “சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்” என்று நாசூக்காகச் சொல்லிவிட்டாராம்.

இரண்டாவது, அதே பிரிவில் உள்ள ஒரு சீனியர். போன வருஷம் ஒரு கணக்கில் தப்பு நேர்ந்தது. தப்பு அவருடையது. அவரோ மானேஜரிடம் போய், இந்தப் பெண் செய்தது என்று சொல்லிவிட்டார். இவளுக்கு அந்த வருஷத்துச் சம்பள உயர்வு நின்றுபோயிற்று. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இடையில் இருப்பது ஒரு மேஜைதான். ஆனால் ‘இந்தக் காகிதத்தை அவரிடம் கொடுத்துவிடு’ என்று பியூன் மூலம்தான் போக்குவரத்து. இவள் தலைமைக் கணக்கரானால் அந்த மனிதர் இவளுக்குக் கீழே வருவார்.

“ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன்க்கா. ஒரு பதிலும் வரல. அம்மா, ஆண்டவர் கதவத் திறந்திருக்கார், உள்ள போம்மாங்கறாங்க. சித்தப்பா, இந்தக் கணக்கு வேலையே வேண்டாம், நர்ஸ் படிச்சு ஊழியத்துக்குப் போங்கறார். எனக்கோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமா இருக்கு.”

நான் பிறப்பால் கிறிஸ்தவள் அல்ல. ஆனால் படித்தது ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில். வாரத்தில் ஒரு மணி நேரம் வேத பாட வகுப்பு உண்டு. அந்த வகுப்பில் நான் பாதி நேரம் நாவல் படித்தவள் என்பதை இப்போது வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மீதிப் பாதியில் காதில் விழுந்தது வீண் போகவில்லை. அன்று சாயந்திரம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டை தேய்ந்த பைபிளை எடுத்து வந்தார்.

*

முதலில் சித்தப்பாவின் கட்சியை எடுத்துக்கொண்டோம். ஊழியம் என்றால் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் பிரசங்கமும்தானா? கணக்கு எழுதுவது மட்டமான வேலையா?

டீச்சரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இயேசு பெருமான் உபதேசம் பண்ணத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முன்பு? தச்சர் என்று மாற்கு சொல்கிறார். உளியும் மரமுமாகத்தான் அந்த வருஷங்கள் போயிருக்கின்றன. பவுல் அப்போஸ்தலர் கூடாரம் செய்கிற தொழிலாளி. கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதிகளுடன் தங்கி, மூவரும் அதே தொழிலைச் செய்தார்கள். பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் என்று ஒரு பெண்மணி. தியத்தீரா ஊர்க்காரி, விலை உயர்ந்த சிவப்புச் சாயத் துணி வியாபாரம் செய்தவள். விசுவாசத்துக்கு வந்த பிறகு அவள் தன் வீட்டையே திறந்துவிட்டாள். வியாபாரத்தை விடச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதாக இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. யோவான் ஸ்நானகரிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆயக்காரர் என்றால் ஊரே முகம் சுளிக்கும். ‘இந்தப் பாழும் வேலையை விட்டுத் தொலையுங்கள்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்ற கருத்தில்தான் பதில் சொன்னார். போர்ச்சேவகர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் அப்படியே: யாரையும் மிரட்டிப் பிடுங்காதே, பொய்யாய்க் குற்றம் சாட்டாதே, வாங்கும் சம்பளம் போதும் என்று இரு.

“பாத்தியாம்மா, வேலைய விடச் சொல்லல, வேலைக்குள்ள இருக்கற களவ விடச் சொன்னார்” என்றார் டீச்சரம்மா.

பெண் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ‘பொய்யாய்க் குற்றம் சாட்டாதே’ என்ற இடத்தில் அவள் கண் ஒரு கணம் நின்றதை நான் கவனித்தேன்.

*

அடுத்தது டீச்சரம்மாவின் கட்சி: ஆண்டவர் கதவைத் திறந்திருக்கிறார். இதற்கு அவர் எடுத்தது தாலந்துக் கதை. எஜமான் வெளியூர் போகும்போது மூன்று வேலைக்காரர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். முதல் இருவர் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்துபோய் மண்ணில் புதைத்து வைக்கிறான். திரும்பி வந்த எஜமான் அவனைத்தான் கண்டிக்கிறான்.

திறமைக்கு ஆங்கிலத்தில் ‘டாலண்ட்’ என்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கதையிலிருந்து வந்ததுதான். தாலந்து என்பது உண்மையில் ஒரு நிறை, பெருந்தொகை. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 தெனாரியஸ். தெனாரியஸ் என்றால் ரோமர் காலத்து வெள்ளிக் காசு. ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. வருஷத்தில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தாலந்து 20 வருஷக் கூலி! ‘எனக்குக் கிடைத்தது ஒன்றுதானே’ என்று மூன்றாமவன் குறைப்பட்டுக்கொள்ள நியாயமே இல்லை.

“உனக்குக் கணக்கு வரும். அது உன் தாலந்து. பயந்துக்கிட்டுப் புதைக்கலாமா?” என்று கேட்டார் டீச்சரம்மா.

அப்போது அந்தப் பெண் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

“புதைக்கக் கூடாதும்மா. ஆனா அந்த வேலைக்காரங்க எஜமானோட பணத்த நேர்மையா வியாபாரம் பண்ணித்தானே இரட்டிப்பாக்குனாங்க? தொண்ணூத்திரண்ட நூறுன்னு எழுதி ஆக்கலையே?”

கணக்கு டீச்சருக்குத் தம் மகளிடம் ஒரு கணக்கில் தோற்றுப்போனது வருத்தமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “இத்தன நாள் அந்த ரசீதும் பில்லும் உன் கண்ணுல பட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு?” என்று கேட்டார்.

பெண்ணின் முகம் சிவந்தது. “என் கையெழுத்து இல்லையேன்னு இருந்துட்டேம்மா.”

“நாற்காலி வந்தாத்தான் பாவம் ஆரம்பிக்கும்னு இல்லம்மா” என்றார் தாயார். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

ஜெபம் செய்தும் பதில் வரவில்லை என்று அவள் சொன்னாளே, அதற்கு எனக்கு ஒரு நிஜக் கதை ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.

அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில், ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பாட்டனாரும் டாக்டர், தந்தையும் டாக்டர், குடும்பம் முழுவதும் மிஷனரிகள். அதனாலேயே அந்தப் பெண்ணுக்கு மிஷனரி வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்ற தீர்மானம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், 1890இல் தாயாருக்கு உடல் நலமில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

ஓர் இரவு. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு ஜாதி இந்து. மூவருக்கும் ஒரே துயரம்: மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், உதவிக்கு வர வேண்டும். ‘என் தந்தை டாக்டர், அவர் வருவார்’ என்றார் ஐடா. ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். பொழுது விடிந்தபோது மூன்று தாய்மார்களும் இறந்துபோயிருந்தார்கள்.

வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. கதவைத் தட்டிய மூன்று மனிதர்களின் குரல்தான் பதில். அமெரிக்காவுக்குத் திரும்பினார், ஆனால் டாக்டராவதற்கு. நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்பில் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூருக்கு வந்தார். தந்தையின் வீட்டில் ஒரு சின்ன அறையில் தொடங்கிய வைத்தியம், 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரியாயிற்று. 1909இல் நர்ஸ் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்று உலகம் அறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அந்தத் திண்டிவனத்து இரவில் இருக்கிறது. அம்மையார் 1960இல் காலமானார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பதில் என்பது நம் எதிரில் நிற்கும் தேவையின் உருவத்தில் வரும். இரண்டு, பதில் கிடைத்த உடனே காரியம் கைகூடிவிடுவதில்லை. அந்த இரவுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவில் வருஷக் கணக்கில் பாடப் புத்தகங்கள் இருந்தன. ஜெபம் செய்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்காமல் போகிறவர்களுக்கு அம்மையாரின் வாழ்க்கையில் ஆறுதல் எதுவும் கிடையாது!

அதே வேலூரில் இன்னொரு பெண்மணி, டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்துப் பெண். 1954இல் சக டாக்டர்களுடன் வண்டியில் போகும்போது விபத்து. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அறுவை வைத்தியம் செய்ய ஆசைப்பட்ட இளம் டாக்டருக்கு இனி நிற்கவே முடியாது. எல்லாக் கதவும் சாத்திவிட்டதென்று யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கே டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை வைத்தியத்தால் சரிசெய்துகொண்டிருந்தார். கைக்கு அறுவை செய்ய நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தும் செய்யலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேரி வர்கீஸ் பிறர் கைகளுக்கு உயிர் கொடுத்தார். பிறகு நியூயார்க் சென்று புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று தனிப் பிரிவையே நடத்தினார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இந்தக் கதையை நான் சொன்னது அவருடைய மன உறுதிக்காக மட்டும் அல்ல. ‘உன்னால் முடியாததை விடு, முடிந்தது இது’ என்று காட்டக்கூடிய சகாக்கள் ஓர் இடத்தில் இருந்தால், அது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! அப்படி ஒரு சகாவாக நாம் நம் ஆபீசில் யாருக்காவது இருந்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தேன். யோசனை எனக்குச் சுகமாக இல்லை.

*

இப்போது அந்தச் சீனியர் விவகாரத்துக்கு வருவோம்.

“அவர மன்னிச்சிட்டேன்னுதான்க்கா தினம் ஜெபத்துல சொல்றேன். காலைல ஆபீசுக்குள்ள நுழைஞ்சு அவர் முகத்தப் பாத்ததும் பழையபடி நெஞ்சு எரியுது” என்றாள்.

டீச்சரம்மா மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்தார். அந்த ஓர் அதிகாரத்தை மட்டும் எல்லா ஆபீஸ் மானேஜர்களும் மனப்பாடம் செய்யலாம். மன்னிப்பைப் பற்றிய அதிகாரம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மன்னிப்பு வருவதற்கு முன்பே அங்கே வேறொன்று வருகிறது. உனக்குத் தப்புச் செய்தவனிடம் நீயே தனியாகப் போய், அவன் செய்தது இன்னதென்று சொல்ல வேண்டும். கேட்கவில்லையா? ஒருவர் இருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் கேட்கவில்லை என்றால் சபைக்குச் சொல்ல வேண்டும்.

நாம் செய்வது இதற்கு நேர் தலைகீழ். முதலில் சபைக்குச் சொல்கிறோம். அதாவது டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் பத்துப் பேரிடம். பிறகு ஒருவர் இருவரிடம் இரகசியம் என்று சொல்லிப் பரப்புகிறோம். சம்பந்தப்பட்ட மனிதரிடம் மட்டும் கடைசி வரை சொல்வதில்லை!

இந்தப் படிகளுக்குப் பிறகுதான், எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று பேதுரு கேட்கிறார். அதற்கு விடையாக வருகிறது கடன்காரன் கதை. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா இரங்கி முழுவதையும் தள்ளிவிடுகிறான். வெளியே வந்த அந்த மனிதன், தனக்கு நூறு வெள்ளிக் காசு தர வேண்டிய சகாவின் கழுத்தைப் பிடிக்கிறான்.

“நூறு காசுன்னா நூறு நாள் கூலி. அதுவும் சின்னக் கடன் இல்ல” என்று டீச்சரம்மா சொல்லி, பென்சிலும் காகிதமும் மகளிடம் நீட்டினார்.

மகள் கணக்குப் போட்டாள். பதினாயிரத்தை ஆறாயிரத்தால் பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாளென்றால் 2 லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். சகாவின் கடனோ நாலு மாத உழைப்பு. ஒன்றுக்கு ஆறு லட்சம்! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பிரசங்கத்தைவிட எண்கள் சீக்கிரம் புரிந்துவிடும் போலும்.

“என் இன்கிரிமெண்டும் நாலு மாசச் சம்பளம்கூட வராது” என்றாள் கடைசியில்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னிப்பது என்றால் வாயை மூடிக்கொள்வது அல்ல. திருட்டுக் கை என்று தெரிந்த கையில் பெட்டிச் சாவியைத் திரும்பவும் கொடுப்பதும் அல்ல. முக்கியமாக, ஆபீசில் ஒரு பெண்ணிடம் முறைகேடாகப் பேசுகிறவனையோ நடக்கிறவனையோ பொறுத்துப் போவதற்கு வேதத்தைக் காட்டி யாராவது உபதேசம் செய்தால், அது மகா அபத்தம். அங்கே தனியாகப் போய்ப் பேச வேண்டிய அவசியமும் இல்லை. நேரே சபையைக் கூட்ட வேண்டியதுதான். இந்த விஷயத்தில் சபை எது என்று 2013ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார் விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் கெடு நீட்டலாம். சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நானும் அன்று ஓர் உண்மையை அவளிடம் சொன்னேன். முன்பு நான் வேலை செய்த ஒரு பத்திரிகை ஆபீசில், நான் அலைந்து திரிந்து எழுதிய கட்டுரையை ஒரு மூத்தவர் தம் பெயரில் போட்டுக்கொண்டுவிட்டார். மூன்று வருஷம் அவருடன் நான் பேசவில்லை. அவரிடம் போய், ‘நீங்கள் செய்தது தப்பு, ஸார்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லாரும் மாலை போட்டார்கள். நான் புரூப் கட்டுகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் என் மேஜைப் பக்கம் வந்து, ஒரு நிமிஷம் நின்று, போய்விட்டார். என்ன சொல்ல வந்தாரோ! அடுத்த வருஷம் அவர் இறந்துபோன செய்தி வந்தது. என் கட்டுரை எனக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் மறக்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யோசனை சொல்லப் போனவளுக்கு ஆறுதல் கிடைத்தது!

*

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அவள் அந்தச் சீனியரிடம் தனியாகப் போய், “ஸார், போன வருஷம் அந்தக் கணக்குல தப்பு என்னோடது இல்லன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அத உங்ககிட்டயே சொல்லணும்னு வந்தேன்” என்றிருக்கிறாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. “ஏதோ நடந்து போச்சும்மா, அப்ப என் வீட்டு நிலைமை அப்படி” என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைப் புரட்டினாராம். அவ்வளவுதான். ஆனால் அன்று சாயந்திரம் ஒரு பேரேட்டை அவரே எழுந்து வந்து இவள் மேஜையில் வைத்தார். பியூன் மூலம் அனுப்பவில்லை.

அடுத்து மானேஜர். “ஸார், இந்த வேலைக்கு நான் சம்மதிக்கிறேன். கிடங்கு ரசீதில் என்ன எண்ணிக்கை இருக்கோ அதுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்” என்று பணிவாகச் சொன்னாள். ஒருவரையும் குற்றம் சாட்டவில்லை. இதுவரை கணக்கில் ஏறிய வித்தியாசங்களை மட்டும், தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இது டீச்சரம்மாவின் ஏற்பாடு. புறாவைப் போலக் கபடில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, சர்ப்பத்தின் விவேகமும் வேண்டும் என்பதும் அவர்கள் வேதத்தில் உள்ளதுதானே!

மானேஜர் நாலு நாள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் எதிர் வீட்டில் சமையல் சரியாக நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வேலையே போய்விடுமோ என்ற பயம். வீட்டு வாடகை, தாயாரின் மருந்து, தம்பியின் படிப்புக்கு வாங்கிய கடன் எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. ‘நேர்மையாக இரு’ என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வது சுலபம். அதற்குரிய விலையைக் கொடுக்கிறவர்கள் இப்படிப்பட்ட வீட்டில் அல்லவா இருக்கிறார்கள்?

ஐந்தாம் நாள் ஆர்டர் வந்தது. தலைமைக் கணக்கர் பதவி அந்தச் சீனியருக்கு!

வேலை போகவில்லை, அந்த மட்டில் நிம்மதி. அன்று இரவு அவள் அழுதாள். டீச்சரம்மா ஆறுதல் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “கதவ ஆண்டவர் திறந்தார்னு நாந்தான் சொன்னேன். ஒருவேள, உள்ள எட்டிப் பாக்க மட்டும் திறந்தாரோ என்னமோ” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

போன வாரம் அவள் வந்திருந்தாள். புது அதிகாரியின் மேஜைக்கு அந்த வியாபாரியின் முதல் பில் வந்ததாம். வழக்கம்போல நூறு மூட்டை. அவர் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தக் கிடங்கு ரசீத எடுத்துட்டு வாம்மா” என்று இவளைக் கூப்பிட்டாராம். இவள் கொண்டுபோய் வைத்தாள். தொண்ணூற்றிரண்டு. இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் பேனாவின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார்.

“அப்புறம்?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு நாலு நாளாச்சுக்கா. பில் அவர் மேஜைலதான் இருக்கு. இன்னும் கையெழுத்து விழல” என்றாள். பிறகு, “அவருக்காகவும் ஜெபம் பண்றேன்க்கா. இப்ப நெஞ்சு எரியல” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.